தலைவர் அவர்களே, ஒரு சந்தேகம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் திரு. அரங்கநாதன் அவர்களே, அவருக்கு இரு பக்கமும் நாற்காலியில் அமர்ந்திருக்கும் நகரசபையை நடத்தும் நகர நலச் சங்கத்துப் பெரியோர்களே, லாரித் தூசியைக்கூடத் தட்டாமல் தரையில் உட்கார்ந்திருக்கும் எங்கள் நகர உழைப்பாளர் கட்சித் தோழர்களே, இன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கும் மல்லாட்டை மில்லில் கடலை உடைக்கும் தாய்மார்களே, எல்லாருக்கும் என் வணக்கம். அந்தப் படத்தில் மாலைக்கு நடுவே தெரிகிறாரே, எங்கள் தலைவர், நகரசபை உறுப்பினர், ஜட்கா வண்டித் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியவர், தோழர் தாண்டவராயன், அவருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

என் பெயர் பாண்டுரங்கன். விழுப்புரம் ரயிலடிக்கு எதிரே தையற்கடை வைத்திருக்கிறேன். எங்கள் கட்சியின் முதல் கொடியைத் தைத்தவன் நான். அந்த உரிமையில்தான் என்னை இங்கே பேச அழைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். வேறு காரணம் இருந்தால் போகப் போகத் தெரியும்.

ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். தலைவர் அரங்கநாதன் கையருகே மணி இருக்கிறது. அந்த மணியின் குரல் எங்களுக்குப் பழக்கமானது. நகரசபையில் துணைத் தலைவராக அவர் உட்கார்ந்த நாளிலிருந்து, தாண்டவராயன் வாயைத் திறந்தால் மணி அடிக்கும். மூச்சு வாங்கினால் மணி அடிக்கும். இன்று எனக்கு முன்னால் பேசிய இருவரும் ஆளுக்கு அரை மணி பேசினார்கள். மணி அசையவே இல்லை. ஏன்? துக்கத்தில் கை ஓய்ந்துவிட்டதா? இருக்கலாம். ஆனாலும் அது என் மனத்தில் ஒரு ஓரமாக உறுத்திக்கொண்டிருக்கிறது.

அந்தப் படத்தையும் பார்க்கிறேன். தோழருக்குக் கோட்டு மாட்டியிருக்கிறார்கள். அவர் நகரசபைக்குப் போகத் தொடங்கியபோது போட்ட சட்டைகள் அத்தனையும் நான் தைத்தவை. காக்கியில் அரைக்கை, இடது பக்கம் ஒரு பை, அவ்வளவுதான். கோட்டு அவர் போட்டதே இல்லை. படம் எழுதுகிறவர் தூரிகையால் தைத்த கோட்டு அது. பொத்தானைப் பெண்பிள்ளைகள் ரவிக்கை மாதிரி மறுபக்கம் வைத்திருக்கிறார். ஜட்கா ஓட்டியவரை ஜட்காக்காரராகவே வைத்தால் உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? உயிரோடு இருந்தவரைக்கும் உட்கார நாற்காலி தராதவர்கள், செத்த பிறகு எதற்காக அவருக்குக் கோட்டு மாட்டுகிறீர்கள்?

இன்னொன்று. இந்தக் கூட்டம் ஏன் திண்டிவனத்தில் நடக்கிறது? பிறந்த மண்ணில் நடத்துவதுதான் மரியாதை என்றார்கள். அவர் பிறந்தது பக்கத்தில் பிரம்மதேசம், உண்மைதான். பத்து வயதில் அங்கிருந்து கிளம்பியவர். ஜட்கா ஓட்டியது, குடும்பம் நடத்தியது, தேர்தலில் நின்றது, போன மாதம் நெஞ்சு வலியில் கண் மூடியது, எல்லாம் விழுப்புரத்தில். அவரை அறிந்தவர்கள் அத்தனை பேரும் அங்கே இருக்க, எங்களை இருபத்தைந்து மைல் ஏற்றி இறக்க தலைவருடைய மல்லாட்டை மண்டி லாரியை இலவசமாக அனுப்பினார்கள். வரும்போதும் சாப்பாடு, திரும்பும்போதும் சாப்பாடாம். மழைக்குக்கூடத் தம் தாழ்வாரத்தில் எங்களை ஒதுங்க விடாதவர்களுக்கு இவ்வளவு கருணை எங்கிருந்து வந்தது?

இப்படியெல்லாம் கேட்கிறானே என்று முகம் சுளிக்காதீர்கள். கேட்கக் கற்றுக்கொடுத்தவருக்குத்தான் நாம் இங்கே இரங்கல் தெரிவிக்கிறோம்.

முப்பத்தைந்தாம் வருஷத்து இடைத்தேர்தலில் தாண்டவராயன் தனி ஆளாக நகரசபைக்குள் போனார். உட்கார இடம் கடைசி வரிசையில். தீர்மானம் கொண்டுவர அனுமதி இல்லை. கண்டனம் தெரிவித்தால் வெளியே போகச் சொல்வார்கள். என்ன செய்வார் மனிதர்? எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டார். "தலைவர் அவர்களே, ஒரு சந்தேகம்ங்க" என்றார். சந்தேகம் கேட்பதைத் தடுக்கச் சட்டத்தில் வழி இல்லை. பள்ளிக்கூடத்துப் பையனுக்கும் அந்த உரிமை உண்டே.

அன்றைக்கு அவர் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. நிலாக் காலத்தில் தெருவிளக்கு ஏற்ற வேண்டாம் என்று ஒரு பழைய ஏற்பாடு. "நிலா காயற நாள்ல வெளக்கு வேணாம்னு வச்சிக்கினு இருக்கீங்க, செரி. எங்க ஜட்கா ஸ்டாண்டுத் தெருவுல மாசம் பூரா வெளக்கே எரியல. அப்ப எங்க தெருவுக்கு மட்டும் மாசம் பூரா நிலா காயுதுங்களா?"

சிரித்தார்கள். எதிர்த்தரப்பும் சிரித்தது. சிரித்த வாயால் மறுக்க முடியவில்லை. அடுத்த மாதம் எங்கள் தெருவில் விளக்குக் கம்பம் நட்டார்கள்.

அதற்குப் பிறகு அந்த வார்த்தை ஊரைப் பிடித்துக்கொண்டது. கருவாட்டுக் கடையில் பெண்கள், "ஏம்மா, ஒரு சந்தேகம், இது போன வெள்ளிக்கிழமை மீனா, அதுக்கு முந்தின வெள்ளிக்கிழமை மீனா?" என்று கேட்டார்கள். மில்லில் எடை குறைத்துப் போட்ட மேஸ்திரியிடம் மல்லாட்டை உடைக்கிற பெண்கள் வரிசையாக நின்று, "மேஸ்திரி, ஒரு சந்தேகம்" என்றார்கள். அந்த வரிசையில் முதலில் நின்ற பெண் லூர்துமேரி. பிற்பாடு எங்கள் கட்சியின் மாதர் பிரிவை நடத்தியவள் அவள்தான். நலச் சங்கத்தார் எங்களைக் கேலியாகச் சந்தேகக் கட்சி என்றார்கள். நாங்கள் அந்தப் பெயரைச் சந்தோஷமாக எடுத்துக்கொண்டோம். முப்பத்தெட்டில் எங்கள் கட்சியில் நான்கு பேர் ஜெயித்தார்கள். நான்கே பேர். ஆனால் அந்த நான்கு பேர் உட்கார்ந்திருந்த சபையில் எந்தக் குத்தகையும் ஒளிந்து போகவில்லை.

இப்போது கசப்பான இடத்துக்கு வருகிறேன். தலைவர் இன்னும் மணி அடிக்கவில்லை. நன்றி.

அந்த வருஷம் துணைத் தலைவர் தேர்தல் வந்தது. எங்கள் தரப்பில் தாண்டவராயன். எதிரில், இதோ தலைமை வகிக்கும் அரங்கநாதன் அவர்கள். கட்சி சேராத உறுப்பினர்கள் சிலர் எங்களுக்கே ஓட்டு என்று வாக்குக் கொடுத்திருந்தார்கள். எங்கள் நால்வரும் அவர்களும் சேர்ந்தால் ஒரு வாக்கில் வெற்றி. வந்தால் முதல் வேலை சேரிக்குக் குடிநீர்க் குழாய் என்று தோழர் சொல்லி வைத்திருந்தார். ரகசிய வாக்கெடுப்பு நடந்தது. எண்ணினார்கள். ஒரு வாக்கு செல்லாது என்றார்கள். இரு பக்கமும் சமம். சீட்டுக் குலுக்கினார்கள். சீட்டு அவர் பக்கம் விழுந்தது. அந்தச் சீட்டைப் பற்றியும் எனக்கு ஓர் எண்ணம் உண்டு, அது இன்றைக்கு வேண்டாம்.

செல்லாத வாக்கைப் போட்டது யார்? வேண்டுமென்றே கெடுத்தவர் யார்? எங்கள் நால்வரில் ஒருவரா, வெளியாளா? மறுநாள் காலை அரங்கநாதன் அவர்களுடைய கார் தாண்டவராயன் வீட்டு வாசலில் வந்து நின்றது. தோழர் மனைவி கெங்கம்மாளுக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டு ஒரு தட்டுப் பழம் அனுப்பியிருந்தார். தட்டு வந்த வழியே திரும்பிப் போயிற்று. அதை அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, பிற்பாடுதான் தெரிந்தது. கார் நின்றதை ஊரே பார்த்தது.

அன்று முதல் எங்கள் வார்த்தை எங்கள் மேலேயே திரும்பியது. "தோழரே, ஒரு சந்தேகம்" என்று எங்களை நாங்களே கேட்டுக்கொண்டோம். அவன் மகனுக்கு எப்படி வேலை கிடைத்தது? இவன் ஏன் அந்த டீக்கடைக்குப் போகிறான்? நேற்று சிரித்தவன் இன்று ஏன் சிரிக்கவில்லை? ஒருவர் நலச் சங்கத்தில் சேர்ந்தார். ஒருவர் ஊரை விட்டுப் போனார். மிச்சம் இருந்தவர்கள் மூன்று கோஷ்டி. மூன்று கோஷ்டியும் தனித்தனியாக என்னிடம் கொடி தைக்க வந்தார்கள். மூவருக்கும் ஒரே பீஸ் துணியில்தான் வெட்டிக் கொடுத்தேன். யாருக்கும் தெரியாது.

எல்லாச் சந்தேகமும் கடைசியில் வந்து நின்ற இடம் தாண்டவராயன். ஜட்கா ஸ்டாண்டில் வைத்தே அவரைக் கேட்டார்கள், அந்த ஓட்டு உன்னுடையதா என்று. ஒரு வார்த்தை, இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். அவர் குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டே, "போட்டவன் போட்டான், உட்டுத் தள்ளுங்கப்பா. வேலையப் பாருங்க" என்றார். மறுக்கவில்லை. மறுக்காதவனைச் சும்மா விடுவோமா? யுத்தம் வந்தது, தேர்தல் தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. எட்டு வருஷம் கட்சியின் துணையில்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து சந்தேகம் கேட்டுக்கொண்டே இருந்தார் மனிதர். அவரைக் கண்டால் நாங்கள் தெருவின் எதிர்ப்பக்கம் நடந்தோம். போன மாதம் அவரைத் தூக்க நாலு தோள் சேர்ந்ததே பெரிய பாடு.

இன்று காலைவரை கதை இதுதான்.

அரங்கநாதன் அவர்களே, நீங்கள் கெட்டிக்காரர். ஆனால் ஒரு தவறு செய்துவிட்டீர்கள். எட்டு வருஷமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத மூன்று கோஷ்டியையும் ஒரே லாரியில் ஏற்றினீர்கள். மல்லாட்டை மூட்டை ஏற்றுகிற லாரி. முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார வேண்டியிருந்தது. எவ்வளவு நேரம்தான் ஒருவன் வெளியே பனைமரத்தையே பார்த்துக்கொண்டு வருவான்?

அதோ, முதல் வரிசையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, தோழர் தேவசகாயம், துப்புரவுத் தொழிலாளர் தலைவர், அன்றைய நால்வரில் ஒருவர், சேரியிலிருந்து நகரசபைக்குப் போன முதல் உறுப்பினர். லாரி கிளம்பி நாலு மைல் போவதற்குள் அவர் பேசத் தொடங்கினார். அவர் சொன்னதை இங்கே சொல்லச் சொன்னவரும் அவர்தான். "கூட்டத்துல நீயே சொல்லிடுப்பா, நான் சொன்னா அழுதுடுவேன்" என்றார். ஆகையால் சொல்கிறேன்.

"அவரு இல்லப்பா. நான்தான். ஓட்டுச் சீட்டுல அவங்க ஆளுக்கு ஸ்ரீமான்னு போட்டிருந்தான். நம்ம ஆளுக்கு வெறும் பேரு. குறிய செரியாத்தான் போட்டேன், தாண்டவராயன் பேருக்கு நேரா. மனசு கேக்கல. கீழ எழுதிட்டேன்."

"இன்னான்னு எழுதின?" என்றேன்.

"ஸ்ரீமான் ஒருத்தருக்கு மட்டும் ஏன்? ஒரு சந்தேகம்னு எழுதினேன்."

குறியைத் தவிர ஓர் எழுத்து இருந்தாலும் சீட்டு செல்லாது. அது சட்டம். எங்கள் கட்சியில் யார் அந்தச் சீட்டைப் பார்த்திருந்தாலும் அதையேதான் எழுதியிருப்போம். வேறு எந்தக் கட்சிக்காரனுக்கும் அது தோன்றியிருக்காது. எங்களை வளர்த்த வார்த்தைதான் அன்றைக்கு எங்களைக் கவிழ்த்தது.

தேவசகாயம் அன்று மாலையே தாண்டவராயனிடம் போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். ஊருக்குச் சொல்லிவிடுகிறேன் என்றாராம். தோழர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இது: "வேணாம். சொன்னா, சேரிக்காரனுக்கு ஓட்டுப் போடத் தெரியல, இவனுக்கு எதுக்கு மெம்பர் வேலைன்னு நாளைக்கே ஆரம்பிப்பாங்க. அப்புறம் உங்க தெருவுலேர்ந்து ஒருத்தனும் உள்ள வர முடியாது. என்னையத்தான சந்தேகப்படறாங்க? பட்டுக்கினு போறாங்க."

பட்டுக்கொண்டே போனோம், தோழர்களே. எட்டு வருஷம் பட்டோம். எல்லாரையும் எதையும் கேட்கச் சொல்லிக் கொடுத்தவர், தன்னைக் கேட்டபோது வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். லாரியில் லூர்துமேரிதான் முதலில் அழுதாள். பிறகு எல்லாரும் அழுதோம். அந்த மனிதர் ஒரு தடவையாவது என் கடையில் வந்து உட்கார்ந்து சொல்லியிருக்கக் கூடாதா என்று அவர் மேல் கோபமாகவும் வருகிறது.

அந்த ஓட்டுச் சீட்டைப் பார்த்தவர்கள் இன்னும் இரண்டு பேர் உண்டு. எண்ணிய அதிகாரி ஒருவர். அவர் காலமாகிவிட்டார். பக்கத்தில் நின்று பார்த்த வேட்பாளர் இன்னொருவர். அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரிந்துகொண்டுதானே, அரங்கநாதன் அவர்களே, பழி தாண்டவராயன் மேல் விழட்டும் என்று மறுநாள் காரை அனுப்பினீர்கள்? பதில் வேண்டாம். சந்தேகம்தான் கேட்டேன்.

இனி இன்றைய தீர்மானத்துக்கு வருவோம். எனக்கு முன் பேசியவர் வாசித்தார். அன்னாரின் மறைவோடு நகர உழைப்பாளர் கட்சியின் பணி நிறைவெய்தியது என்று ஒரு வரி. அன்னாரின் நினைவைப் போற்றும் வகையில் அவரது இடம் போட்டியின்றி நிரப்பப்படும் என்று இன்னொரு வரி. நிரப்பப் போகிறவர் தலைவருடைய தங்கை மகன். மேடையில் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறார். நல்ல பிள்ளை, போன பொங்கலுக்கு நான்தான் ஜிப்பா தைத்தேன். அவருடைய வேட்பு மனு முந்தாநாளே விழுப்புரத்தில் ஏறிவிட்டது. மனுச் செய்யக் கடைசி நாள் இன்று. கடைசி மணி மூன்று.

இப்போது புரிகிறதா, தோழர்களே, பிறந்த மண்ணின் மகிமை? இப்போது புரிகிறதா, லாரியும் சாப்பாடும் எதற்கென்று? இந்த மணி ஏன் வாய் திறக்கவில்லை என்று இப்போது புரிகிறதா? நான் பேசப் பேச அவர்களுக்குச் சந்தோஷம். இன்னும் கொஞ்சம் பேசட்டும், மூன்று அடிக்கட்டும், அதுவரைக்கும் இந்தக் கூட்டம் இங்கேயே அழுதுகொண்டிருக்கட்டும்.

அதோ சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கள். அடித்துவிட்டது. மூன்று.

தலைவர் சாய்ந்து உட்காருகிறார். சாயுங்கள். இப்போது உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் பேசப் பேச எனக்கும் சந்தோஷம்தான் ஐயா. நலச் சங்கத்தார் அத்தனை பேரும் இங்கே மேடையில் இருந்தால், அங்கே விழுப்புரத்தில் அலுவலக வாசலில் நின்று ஒரு மில்காரப் பெண்ணை விரட்ட ஆள் இருக்காதே.

காலையிலிருந்து பெண்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். லூர்துமேரியைத்தானே தேடுகிறீர்கள்? லாரியில் எல்லாரும் அழுதுகொண்டிருந்தபோது அவள்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அழுதுக்கினே இருந்தா எப்படி? இன்னிக்குத் தேதி இன்னா?" என்று கேட்டாள். தேதியைச் சொன்னோம், மனுவுக்குக் கடைசி நாள் என்பது அப்போதுதான் உறைத்தது. விக்கிரவாண்டி வந்ததும், வாந்தி வருகிறது, வண்டியை நிறுத்து என்று இறங்கினாள். உங்கள் டிரைவர், "ஜல்தி வாம்மா, பேஜாரு பண்ணாத" என்று கத்தினார். அடுத்த பஸ்ஸில் வருவதாகச் சொல்லிவிட்டாள். அடுத்த பஸ் வந்தது. ஆனால் அது விழுப்புரம் போகிற கரி வாயு பஸ். தோழருடைய வார்டிலேயே அவள் பெயரில் ஓடு போட்ட வீடு இருக்கிறது, வரி கட்டுகிறாள், நிற்க உரிமை இருக்கிறது. வழிமொழியக் கட்சி சேராத பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார்.

முன்மொழிய? அங்கேதான் எனக்கே சந்தேகம். அந்த வார்டில் எங்கள் வாக்காளர்கள் எல்லாரையும் நீங்கள் லாரியில் அள்ளிக்கொண்டு வந்துவிட்டீர்கள். ஒரே ஒருவரைத் தவிர. புருஷன் செத்து மாதம் ஆகாத பெண் வாசற்படி தாண்ட மாட்டாள் என்று கெங்கம்மாளை மட்டும் நீங்கள் அழைக்கவே இல்லை. லூர்துமேரி அந்த வாசலில் போய் நிற்பாள். தேவசகாயம் சொன்னதைச் சொல்வாள். அதைக் கேட்டுவிட்டுக் கெங்கம்மாள் ஜட்காவைப் பூட்டச் சொன்னாளா, கதவைச் சாத்திக்கொண்டாளா? தெரியாது. வழக்கம் பெரிதா, புருஷன் மேல் விழுந்த பழி பெரிதா? காலையிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

மண்டிக் கணக்குப்பிள்ளை ஓடி வருகிறார். வழி விடுங்கள், டெலிபோன் வந்திருக்கும் போலிருக்கிறது. வாருங்கள் ஐயா, தலைவர் காதில் சொல்லுங்கள். எங்களுக்குக் கேட்காது. ஆனால் நான் தையற்காரன், ஆள் முகத்தைப் பார்த்து அளவெடுத்துப் பழகியவன். உங்கள் வாய் கெங்கம்மா என்று அசைகிறது. தலைவர் நிமிர்ந்து உட்காருகிறார். மூன்றாவது நாற்காலிப் பிள்ளை எழுந்து நிற்கிறார்.

என்ன செய்தி, தலைவர் அவர்களே? சபைக்குச் சொல்லக் கூடாதா?

சரி, நானே முடித்துவிடுகிறேன். தோழர் தாண்டவராயன் அவர்களே, நாளை மனுப் பரிசீலனை. நாங்கள் மூன்று கோஷ்டியும் ஒன்றாக வந்து வாசலில் நிற்போம். பரிசீலிக்கிறவர் பேனாவை எடுத்தாலும் கேட்போம், வைத்தாலும் கேட்போம். சேரிக்குக் குழாய் வரும்வரை கேட்போம். வந்த பிறகு தண்ணீர் ஏன் நிற்கிறது என்று கேட்போம். எங்களுக்குள் மட்டும் இனிமேல் கேட்டுத் தெரிந்துகொள்வோம், கேட்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டோம். மூன்று கொடியையும் பிரித்து ஒரே கொடியாக நானே தைக்கிறேன். உங்கள் படத்தில் இருக்கிற கோட்டையும் அழித்துவிடச் சொல்கிறேன். தீர்மானத்தில் அந்த இரண்டு வரிகளை அடிக்கும்வரை எங்களில் ஒருவரும் எழுந்து நின்று மௌனம் காக்க மாட்டோம். அதற்கு முன்னால், தலைவர் அவர்களே, கடைசியாக ஒரு சந்தேகம். மனு ஏறிவிட்டதா?

இதோ, மணி அடிக்கிறீர்கள்.

நன்றி ஐயா. என் சந்தேகம் தீர்ந்தது.